எங்கள் பெயருக்குக் கீழே இருந்த வரி

பிள்ளைகளா,

நேற்றுச் சாயங்காலம் அந்த முறுக்குக் கடைக்காரருக்கு வெப்சைட் கட்ட எந்த பில்டர் மென்பொருள் சரியாக வரும் என்று நீங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே டீ குடித்துக்கொண்டே கேட்டேன். ஒருவர் விலை சொன்னீர்கள், ஒருவர் டிசைன் சொன்னீர்கள், இன்னொருவர் போனில் எது வேகமாகத் திறக்கும் என்று சொன்னீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் நான் காத்திருந்த கேள்வியை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் வந்து பேசினால் அப்பா பழைய கதையை எடுத்துவிட்டார் என்று சிரிப்பீர்கள். அதனால் எழுதித் தருகிறேன். படிக்கும்போது சிரித்துக்கொள்ளுங்கள், எனக்குத் தெரியப்போவதில்லை.

எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. எண்பதுகளில் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தேன். பிறகு ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டில் ஒரு மாடி அறையைப் பிடித்து, ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கல்யாணப் பத்திரிகையும் பில் புத்தகமும் அடித்தேன். தொண்ணூறுகளின் கடைசியில்தான் இன்டர்நெட் வந்தது. மதுரை எண்ணுக்கு எஸ்.டி.டி. போட வேண்டும். மோடம் கத்தி முடித்து லைன் கிடைத்தால் கிடைத்தது, இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. என்னிடம் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் லைன். இன்டர்நெட்டில் இருந்தால் போன் பேச முடியாது. போன் பேசினால் இன்டர்நெட் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு இது என் கழுத்தைப் பிடித்தது.

எஸ்தர் அக்கா என்று ஒருவர். ஊரில் பாதிப் பேரைப்போல அவர்களுக்கும் பேண்டேஜ் துணித் தொழில். வீட்டை ஒட்டிய கொட்டகையில் எட்டு பவர்லூம் தறிகள். நெய்த துணியை வெளுத்து, அலசி, வெயிலில் காயப்போட்டு, சுருட்டிப் பாலிதீனில் கட்டி அனுப்புவார்கள். அவர் வீட்டுக்காரர்தான் எல்லாவற்றையும் நடத்தினார். அவருக்குப் பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்த பிறகு அக்கா எடுத்துச் செய்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடுவதைக் கேட்டுக்கொண்டே அவர் படுத்திருப்பார். ஒரு தறி நின்றாலும் தலையைத் திருப்பிப் பார்ப்பார். அந்த வருஷம் ஆர்டர் குறைந்து, பழைய தறி வாங்குகிற வியாபாரி ஒருவர் வந்து எட்டையும் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தறி கையில் இருக்குமா போகுமா என்பதுதான் அப்போது அந்த வீட்டின் ஒரே பேச்சு.

அந்த நேரத்தில் மதுரையில் நடந்த ஒரு கண்காட்சியில் அக்கா தன் துணியைக் கொண்டுபோய் வைத்தார். வர்கீஸ் என்று ஒரு கேரளத்துக்காரர், வளைகுடா நாட்டு மருத்துவ முகாம்களுக்குப் பொருள் வாங்கி அனுப்புகிறவர், துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சாம்பிள் கேட்டு வாங்கினார். கடைசியில், "உங்களுக்கு வெப்சைட் உண்டா?" என்று கேட்டாராம். "தயாராகிட்டு இருக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்கா நேராக என் மாடிக்கு வந்தார். கூடவே அவர் கொழுந்தன் சாமுவேல், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

"தம்பி, வெப்சைட்டுன்னா என்னன்னு பொறவு சொல்லு. மொதல்ல அதைச் செஞ்சு குடு" என்றார் அக்கா.

எனக்குத் தெரிந்த வழி மூன்று. முதலாவது, அமெரிக்காவில் ஒரு கம்பெனி இன்டர்நெட்டில் இலவசமாக இடம் கொடுத்தது. அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து படத்தையும் எழுத்தையும் அடுக்கிக்கொள்ளலாம். அக்காவின் துணிப் படத்தை ஏற்றிக் காட்டினேன். படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வந்தது. அதற்கு மேலே, நான் கேட்காமலே, ஒரு பெண் நீச்சல் உடையில் வந்து நின்றாள்.

"ஏலே, இவ யாருலே?"

"விளம்பரம் அக்கா. இடம் சும்மா குடுக்காங்கல்ல, அதுக்குப் பதிலா அவங்க விளம்பரம் வரும்."

"நம்ம கடை வாசல்ல அவுக போர்டா? எடு, எடு. பாஸ்டர் கண்ணுல பட்டா என்னையச் சபையவிட்டே அனுப்பிருவாரு."

"பேண்டேஜ் வாங்க வாறவன் வந்த வேலையையே மறந்துருவான் மதினி" என்றார் சாமுவேல்.

இரண்டாவது, மதுரையில் ஒரு கம்பெனி. அவர்கள் ஆள் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊருக்கெல்லாம் வருவார். ஒரு சி.டி. கொடுப்பார். அதில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், ஓட்டல், மருத்துவப் பொருள் என்று தொழில்வாரியாக ரெடிமேட் பக்கங்கள் இருக்கும். பெயர், விலாசம், போட்டோ போட்டுக் கொடுத்தால் அவர்கள் சர்வரில் ஏற்றிவிடுவார்கள். மூன்றாவது, ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சி.டி.யில் இருந்த சின்ன மென்பொருள். பக்கத்தை நாமே கட்டி, தனியாக இடம் வாங்கி, நாமே ஏற்ற வேண்டும். பார்க்கக் காய்ந்துபோய் இருக்கும்.

மதுரைக்காரரிடம் நான் ஒன்று கேட்டேன்.

"மாத்தணும்னா பாஸ்வேர்டு எங்ககிட்ட இருக்குமா சார்?"

"அது எங்க சர்வர் சார். நீங்க ஒரு ஃபேக்ஸ் அனுப்புங்க, நாங்க மாத்தித் தந்துருவோம். உங்களுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு?"

அக்கா என் முகத்தைப் பார்த்து, "நீ என்ன சொல்லுத?" என்றார்.

"மூணாவதுதான் அக்கா நம்ம கையில இருக்கும். ஆனா இங்கிலீஷ் நாமதான் எழுதணும்."

 இங்கிலீஷ் என்றால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு என்ன பயம் என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது. கல்யாணப் பத்திரிகையில் நாலு வரி இங்கிலீஷ் வந்தாலே நான் பழைய பத்திரிகையைப் பார்த்துத்தான் அடிப்பேன். மதுரைக்காரர் சி.டி.யிலோ பத்தி பத்தியாக இங்கிலீஷ் தயாராக இருந்தது. உருண்டு திரண்ட இங்கிலீஷ். சாமுவேல் ஒரு வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, "என்னமா எழுதியிருக்கான்!" என்றார். அந்த இடத்தில் முடிவாகிவிட்டது. பெயரும் விலாசமும் போட்டோவும் கொடுத்தோம். சாமுவேல் எழுத்துப்பிழை பார்த்தார். பக்கம் வந்தபோது மேலே ஓர் உலக உருண்டை சுற்றியது. அக்கா அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு ஒருநாள் காலையில் அக்கா படியேறி வந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. பின்னால் சாமுவேல். பள்ளிக்கூடம் லீவு.

"தம்பி, அந்தப் பக்கத்தத் தொற."

"என்னக்கா, என்ன விஷயம்?"

"தொறந்துட்டுக் கேளு."

மோடம் கத்திக்கொண்டிருக்கும்போதே சொன்னார். வர்கீஸ் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்கிறார். அங்கே கோவிலை ஒட்டிய மடவார் வளாகத்தில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருக்கிறார். அங்கிருந்து போன் செய்திருக்கிறார். மத்தியானம் ராஜபாளையத்துக்கு வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம், வருஷம் முழுக்க எட்டுத் தறிக்கும் வேலை இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

"நல்ல சேதிதானே அக்கா!"

"கடைசியா ஒண்ணு சொன்னாரு. 'இந்தப் பக்கம் எல்லாரையும் பாத்துட்டேன், ஸ்டெரைல் பண்ணிக் குடுக்கிறது நீங்க ஒருத்தர்தான், அதான் உங்களுக்கே குடுக்கிறேன்'னாரு. நம்ம வெப்சைட்டப் பாத்துத்தான் சொல்லுதாராம். நம்மகிட்ட ஏதுலே ஸ்டெரைல்?"

ஸ்டெரைல் என்றால் கிருமி ஒன்றுகூட இல்லாமல் செய்து, சீல் வைத்தது. பிரித்த உடனே திறந்த புண்ணில் வைக்கலாம். அக்காவின் துணி வெளுத்த துணி, அவ்வளவுதான். அதை வாங்குகிற ஆஸ்பத்திரிகள் தாங்களே கிருமி நீக்கிக்கொள்வார்கள். ஊரில் தறி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். தெரியாதவன் நான்தான். எனக்கு அந்தச் சொல் 'சுத்தம்' என்கிற மாதிரி ஒன்றாகத்தான் பட்டிருந்தது.

பக்கம் திறந்தது. முதல் பத்தியிலேயே, அக்காவின் கம்பெனிப் பெயருக்கு நேர் கீழே, அந்த வரி இருந்தது. எங்கள் ஸ்டெரைல் கட்டுத்துணிகளை மருத்துவர்கள் பல ஆண்டுகளாக நம்பி வருகிறார்கள் என்று. மருத்துவப் பொருள் என்ற ரெடிமேட் பக்கத்தோடு கூடவே வந்த வரி. நாங்கள் எழுதியதும் இல்லை, எடுத்ததும் இல்லை.

"இத நான் படிச்சேன் மதினி" என்றார் சாமுவேல்.  "தறிச் சோலியெல்லாம் அண்ணன் பாத்துக்கிட்டது. எனக்கு எழுத்து சரியா இருக்கான்னு மட்டுந்தான் பாக்கத் தோணிச்சு."

"உன்னைய யாரு இப்ப குத்தம் சொன்னா? விடு."

என் கை அந்த வரியை அழிக்கத்தான் போனது. லைனை வெட்டிவிட்டு மதுரைக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"சார் வெளியூர் போயிருக்காங்க. மாத்தணும்னா ஃபேக்ஸ் அனுப்புங்க சார்."

"அம்மா, இது அவசரம். பக்கத்தையே நிறுத்தி வைக்க முடியுமா?"

"பாஸ்வேர்டு சாருக்குத்தான் தெரியும்."

வெளியூரில் சாரின் நம்பர் கேட்டேன். தெரியாது. ஊருக்குள் வந்த அந்த விற்பனை ஆள் எங்கே என்று கேட்டேன். அவர் தேனிப் பக்கம் போயிருக்கிறார். மறுபடியும் அதே எண்ணுக்குப் போட்டேன், வேறு யாராவது எடுக்க மாட்டார்களா என்று. அதே பெண். மறுபடியும் இன்டர்நெட்டுக்குப் போனேன், அந்த வரி எப்படியாவது போயிருக்காதா என்று. அது அப்படியே இருந்தது. மேலே உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வேர்த்து ஊற்றியது. எவ்வளவு நேரம் இப்படிச் செய்தேன் என்று தெரியாது.

அக்கா என் தோளைத் தட்டினார்.

"ஏலே, நீ என்னத்த அழிச்சுக்கிட்டு இருக்க? அந்தாளு படிச்சாச்சுல்ல? காகிதத்துல அடிச்சுக் கையில வச்சிருக்கேன்னு சொன்னாரு. நீ இங்க அழிச்சா அங்க அழியுமா?"

நான் போனைக் கீழே வைத்தேன்.

"இன்னொண்ணு இருக்கு. கண்காட்சியில குடுத்தமே சாம்பிள், அதை இன்னைக்கு மத்தியானம் திருவனந்தபுரம் போற கார்ல குடுத்துவிடுதாராம். அங்கேருந்து ஒரு டாக்டர் பிளேன்ல கொண்டு போறாராம். முகாம்ல பிரிச்சு வச்சுப் பாக்கப் போறாங்க. நம்ம வீட்டு முத்தத்து வெயில்ல காஞ்ச துணி தம்பி அது. அப்படியே புண்ணுல வச்சா என்னாகும்னு எனக்குத் தெரியும்."

வர்கீஸ் கொடுத்த மடவார் வளாக எண்ணுக்குப் போட்டோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. திரும்பப் போட்டோம். எடுக்கவில்லை. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் ஓடினோம்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நானும் சாமுவேலும் ஒரு சீட்டில், அக்கா முன் சீட்டில். பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு சாமுவேல் முன்னால் குனிந்தார்.

"மதினி, கோவிச்சுக்கிடாம ஒண்ணு கேளுங்க. கையெழுத்து ஆகட்டும். கூலிக்கு ஸ்டெரைல் பண்ணிக் குடுக்கிற கம்பெனி வெளியூர்ல இருக்கு. நம்ம துணியை அங்க அனுப்பிப் பண்ணி வாங்கிக் குடுப்போம். அப்போ அந்த வரி பொய்யில்லாமப் போயிரும்ல?"

பிள்ளைகளா, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சாமுவேல் ஏமாற்றுக்காரர் கிடையாது. கெட்டுப்போன ஒன்றைச் சரிசெய்கிற வழியைத்தான் தேடினார். நானும், "ஆமாக்கா, அப்படியும் செய்யலாம்" என்று வாயெடுத்துவிட்டேன்.

அக்கா திரும்பவில்லை. "சரி, வரப்போறதைப் பண்ணிக் குடுப்போம். கார்ல போறதை?"

"அதை மட்டும் ஏதாச்சும் சொல்லித் திருப்பி வாங்கிருவோம். அளவு மாறிப்போச்சு, வேற தாரோம்னு."

"ஏன் மாறிச்சுன்னு கேப்பாருல்ல. அதுக்கு ஒரு பொய். பொறவு பண்ணிக் குடுக்கிறவன் தாமசம் பண்ணுவான், அதுக்கு ஒண்ணு. எனக்கு அம்புட்டையும் ஞாபகம் வச்சுக்கிடுத தெம்பு இல்ல சாமு."

"எட்டுத் தறியும் போயிரும் மதினி."

"தெரியும்."

"அண்ணன்ட்ட என்ன சொல்லுவீக?"

அக்கா ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்தார்.  "அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ வெசனப்படாத" என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தோம். மடவார் வளாகத்தில் கோவில் மதிலை ஒட்டித் திரும்பினால் நண்பர் வீடு. வாசலில் ஒரு வெள்ளைக் கார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில், கண்காட்சிக்காக நானே பெயர் அடித்து ஒட்டிக் கொடுத்த அட்டைப்பெட்டி தெரிந்தது. டிரைவர் கியரைப் போட்டார். நான் ஆட்டோ நிற்பதற்குள் குதித்து, காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"யோவ், சாகணும்னா வேற வண்டியப் பாரும்!" என்றார் டிரைவர்.

"செத்த நேரம் நில்லுங்கண்ணே. அந்தப் பெட்டி போகக் கூடாது."

"அதச் சொல்ல நீரு யாரு?"

சத்தம் கேட்டு வர்கீஸ் வெளியே வந்தார். அக்காவைப் பார்த்ததும் சிரித்தார். "என்னம்மா, நான் அங்கே வரேன்னு சொல்லியாச்சே. போன் செய்தீங்களா? நாங்க பின்னாடி சாப்பிட்டுகிட்டு இருந்தோம்."

"சார், அந்த சாம்பிளை எறக்கிருங்க. அது ஸ்டெரைல் கெடையாது. நாங்க எப்பவும் ஸ்டெரைல் பண்ணுனதே இல்ல."

அவர் சிரிப்பு ஒரேயடியாகப் போகவில்லை, பாதியில் நின்றது. உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். எங்கள் பக்கத்தைக் காகிதத்தில் அடித்து வைத்திருந்தார். அந்த வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தது. அக்கா முன்னால் நீட்டினார்.

"பின்னே இது?"

நான் முந்திக்கொண்டேன். "சார், அது எங்க எழுத்தே இல்ல. மதுரையில ஒரு கம்பெனி, ரெடிமேட் பக்கம், அதுல தானா வந்த—"

"தம்பி, சும்மா இரு" என்றார் அக்கா. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இங்கிலீஷ் வரி அவருக்குப் படிக்கத் தெரியாது. மேலே பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயர் தெரியும். அதில் விரலை வைத்தார்.

"எங்க பேருக்குக் கீழ இருக்கு சார். அப்போ நாங்க சொன்னதுதான். தப்பாச் சொல்லிட்டோம்."

அந்த வாசலில் அக்கா பழியை வேறு யார்மேலாவது போட்டிருக்கலாம். மதுரைக் கம்பெனியைச் சொல்லலாம், என்னைச் சொல்லலாம், சாமுவேலைச் சொல்லலாம். சொன்னால் ஒருவேளை அவர் மனம் இரங்கலாம். அந்த அம்மா யார் பெயரையும் எடுக்கவில்லை.

வர்கீஸ் கார் கதவைத் திறந்து பெட்டியைத் தானே இறக்கினார். டிரைவரிடம், "நீ போ" என்றார். கார் போனது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"நான் அங்கே வாக்கு கொடுத்தாச்சு. ஸ்டெரைல் கிடைச்சதுன்னு சொல்லியாச்சு. நாளைக்கு என்னை யாரு நம்புவா?"

"எங்களாலதான் சார்" என்றார் அக்கா.

"வெளியே குடுத்துப் பண்ணித் தரோம் சார்" என்றார் சாமுவேல். "சர்ட்டிபிகேட் எல்லாம் காட்டியே பண்ணித் தரோம்."

"வேண்டாம். இந்தக் காகிதத்தைப் பார்த்த பின்னே எந்தக் காகிதத்தை நான் நம்பணும்?"

 வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வர்கீஸ் பெட்டியைப் பிரித்து ஒரு பாக்கெட்டை எடுத்து, விரலுக்கு நடுவில் துணியை அழுத்திப் பார்த்தார். திரும்பப் பெட்டிக்குள் போட்டார். வீட்டுக்குள் போய்விட்டார். அக்கா நகரவில்லை. நாம் போய்விடலாமா என்று நான் சாமுவேலைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்து வர்கீஸ் வெளியே வந்தார். குரல் இறங்கியிருந்தது, முகம் மாறவில்லை.

"கொச்சியில ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோர் உண்டு. அவங்களுக்கு வெறும் துணி போதும், கிருமி நீக்கறது அவங்களே செய்வாங்க. பெரிய ஆர்டர் இல்லை. பாதித் தறிக்குத்தான் வேலை வரும். அதுக்கு மேலே என்னால முடியாது. போதுமா?"

"போதாது சார்" என்றார் அக்கா. "ஆனா வாங்கிக்கிடுதேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில் சாமுவேல் அக்காவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். சீட்டு காலியாக இருந்தும் உட்காரவில்லை.

மதுரைக் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க அந்த வரி அங்கேயே நின்றது. யார் யார் படித்தார்களோ, தெரியாது. கடைசியில் பக்கத்தையே எடுக்கச் சொன்னோம். அந்த வெப்சைட் விலாசமும் அவர்கள் பெயரில் இருந்ததால் அதையும் விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

மறுபடியும் பில்டர் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, அக்கா எதையும் விலை கேட்கவில்லை, அழகு பார்க்கவில்லை. "இதுல தப்புன்னு தெரிஞ்ச உடனே நானே அழிக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காய்ந்துபோன மூன்றாவதைத்தான் எடுத்தோம். பாஸ்வேர்டை அவர் வாயாலேயே சொல்லச் செய்து வைத்தேன். இங்கிலீஷை நான் அகராதி வைத்து எழுதினேன், சாமுவேல் திருத்தினார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லி, "ஆமா, இது நெசம்" என்று அக்கா தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி. முதல் வரியை எழுதியது சாமுவேல். எங்கள் துணி ஸ்டெரைல் அல்ல. பயன்படுத்தும் முன் கிருமி நீக்க வேண்டும்.

"இது எங்ககிட்ட இல்லன்னு யாராச்சும் கடை வாசல்ல எழுதுவாகளா வாத்தியாரே?" என்று நான்தான் கேட்டேன்.

"நாம எழுதுவோம்" என்றார். அடுத்த வரிக்குப் போனார்.

இப்போது உங்கள் பில்டர் முன்னைவிட நன்றாக எழுதுகிறது. தொழிலின் பெயரைக் கொடுத்தால் போதும், பக்கம் முழுக்கத் தானே நிரப்பிக் கொடுக்கிறது. முறுக்குக்காரருக்கும் அது எழுதித் தரும், மூன்று தலைமுறைப் பக்குவம் என்று, செக்கு எண்ணெய் மட்டுமே என்று. அவர் எந்த எண்ணெயில் சுடுகிறார் என்று அதற்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவரை உட்கார வைத்து வரி வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பாஸ்வேர்டு அவர் கையில் இருக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாத அன்றைக்கு அவரே ஒரு வரியை அழிக்க முடிகிற பில்டராகப் பாருங்கள், அது அசிங்கமாக இருந்தாலும் சரி. தப்பு ஒன்று வெளியே போய்விட்டால், அழிப்பதற்கு முன்னால் அதைப் படித்தவரிடம் போங்கள். நான் அன்றைக்கு மோடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கார் கிளம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை.

தறி வியாபாரி பாதித் தறிகளை ஏற்றிப்போக லாரி கொண்டு வந்த அன்று நான் அங்கே போகவில்லை. போக மனசு வரவில்லை. லாரி தென்காசி ரோட்டில் என் ஜன்னலுக்குக் கீழேதான் போனது; நாலு தறிகளையும் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். அது போய்க் கொஞ்ச நேரத்தில் அக்கா படியேறி வந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எத்தன தறின்னு எழுதியிருக்கோம்ல, அந்த வரியைக் காட்டு."

காட்டினேன். "இதுக்கு இப்பவே என்ன அவசரம் அக்கா? யாரு வந்து எண்ணிப் பாக்கப்போறாங்க? வீட்டுக்குப் போங்க. கட்டில்ல அண்ணாச்சி தனியா இருப்பாங்க."

"இப்ப எத்தன ஓடுது?"

"நாலு."

சொல்லிக் கொடுத்திருந்தபடியே ஒற்றை விரலால் அழிக்கிற சாவியைத் தட்டினார். எட்டு போனது. திரையில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. நாலு எங்கே இருக்கிறது என்று கீபோர்டில் கொஞ்ச நேரம் தேடினார். நான் கை நீட்டினேன், தள்ளிவிட்டார். கண்டுபிடித்துத் தட்டினார். சரியாக விழுந்திருக்கிறதா என்று திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏத்து தம்பி" என்றார்.